மே மாதம், கிழக்குக் கடற்கரை, வழியெல்லாம் சொந்தக்காரர்கள்: 8 நாளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். மே நடுவில் சென்னையிலிருந்து ஒரு காரில் கிளம்புகிறீர்கள். நீங்கள், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய அம்மா. கடற்கரை ஓரமாகவே கன்னியாகுமரி வரை போக ஆசை. வழியில் புதுச்சேரியில் அத்தை, நாகப்பட்டினத்தில் பெரியப்பா, தூத்துக்குடியில் அம்மாவின் தம்பி. கையில் இருப்பது 8 நாள். எங்கே நிற்பது, எங்கே தங்குவது, எதை விடுவது?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியை விட்டுவிடுங்கள். கடற்கரை வழியாக, ராமேஸ்வரத்துக்கும் ஒரு எட்டு போய் வந்தால், அங்கே போய்ச் சேரவே 800 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். அங்கிருந்து மதுரை, திருச்சி வழியாகத் திரும்ப இன்னொரு 700. நடுவில் மூன்று வீடுகள். 8 நாளில் முடியாது என்றில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் செருப்பைக் கழற்றாமல் பேசிவிட்டு ஓட வேண்டியிருக்கும். தவிர, கன்னியாகுமரி தன் முழு அழகைக் காட்டும் மாதம் மே இல்லை. அப்போது சூரியன் நேர் மேற்கில் இல்லாமல் வடமேற்காகச் சாய்வதால், கடலில் விழாமல் நிலத்துப் பக்கம் மறைகிறது. கடலில் உதயமும் கடலில் அஸ்தமனமும் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில்தான் போக வேண்டும். பாறைக்குப் போகும் படகுக்குக் கோடை விடுமுறை வரிசை, கடல் கொந்தளித்தால் படகே நின்றுவிடும் என்ற கவலை வேறு. வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தை 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள், அது எங்கும் போய்விடாது. டிசம்பரிலோ ஜனவரியிலோ தனியாக ஒரு நடை போய்க்கொள்ளலாம். இந்த முறை தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு என்று முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கிளம்பும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். இந்தச் சாலையில் பெரும்பாலான நேரம் கடல் தெரியாது. சவுக்குத் தோப்பு, தென்னை, வேலிகாத்தான் முள், மதில் சுவர் இவைதான் தெரியும். கடல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிழக்கே இருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீர் தெரிவது சில இடங்களில்தான்: முட்டுக்காடு முகத்துவாரம், மரக்காணம் உப்பளம், பாம்பன் பாலம், தனுஷ்கோடிச் சாலை. மற்ற இடங்களில் கிழக்கே ஒரு கிளைச் சாலையில் திரும்பினால்தான் கடல். ஆகவே வழி முழுக்கக் கடல் என்று எதிர்பார்க்காமல், ஒரு நாளைக்கு ஒரு கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும்.

அந்த ஒன்றை எப்போது பார்ப்பது என்பதில்தான் முழுத் திட்டமும் நிற்கிறது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்கினி நட்சத்திரத்துக்குள் போகிறீர்கள். இந்தக் கரையில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வெளியில் நடமாடலாம். பத்து மணிக்கு மேல் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று அனலாக அடிக்கும். நிலம் சூடேறி, அதன் மேலிருக்கும் காற்று எழும்பி, அந்த இடத்தை நிரப்பக் கடல் காற்று உள்ளே வருவது சாதாரணமாக நண்பகலை ஒட்டி. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது தாமதமாகும், சில நாள் வராமலே போகும். சென்னையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பெரும்பாலும் இப்படிக் கடல் காற்று ஏமாற்றிய நாட்கள்தான். எப்படியும் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியில் வேலை வைத்துக்கொள்ளக் கூடாது, அம்மாவை வைத்துக்கொண்டு கூடவே கூடாது.

அந்த ஐந்து மணி நேரத்தைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். காலையில் கடலைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வீடு, வெயில் தாழ்ந்ததும் மறுபடி வெளியே. பொதுவாக எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள். பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு, வாடி வதங்கி ராத்திரி ஒன்பதுக்கு அத்தை வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பிள்ளைகள் உட்கார்ந்தபடி தூங்கும், அத்தை ஆக்கி வைத்தது ஆறிப்போகும், காலையில் எழுந்ததும் கிளம்பிவிடுவார்கள். பார்த்த மாதிரியும் இருக்காது, பேசின மாதிரியும் இருக்காது.

முதல் நாள் விடியற்காலை நாலரைக்கெல்லாம் வண்டி கிளம்பட்டும். கோவளம், முட்டுக்காடு எங்கும் நிற்காமல் நேராக மாமல்லபுரம். மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலை, கிழக்கிலிருந்து வெளிச்சம் விழும்போது பார்க்க வேண்டும். பத்து மணிக்குப் போனால் கல் சூட்டில் நிற்க முடியாது. அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருக்கிறது, அம்மா அதிகம் நடக்க வேண்டாம். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம், இந்த இரண்டும் போதும். பிள்ளைகள் கெஞ்சினால் வடநெம்மேலி முதலைப் பண்ணையைச் சேர்க்கலாம், ஆனால் அது மாமல்லபுரத்துக்கு முன்பே வந்துவிடும், அவ்வளவு காலையில் திறந்திருக்காது. வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே அவசரமில்லாமல் ஓட்டுங்கள். சாலையை அகலப்படுத்தும் வேலையால் அங்கங்கே திருப்பிவிடுவார்கள். கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிபாடு ஒன்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. கூட்டமே இருக்காது, அரை மணி நேரத்துக்கு நல்ல இடம். மரக்காணத்தில் கோடைதான் உப்பு வாரும் காலம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் வெள்ளைக் குவியல். வண்டியை ஓரங்கட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், சாப்பாட்டு மேசைக்கு வரும் உப்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று தெரியட்டும். அதற்குள் பத்தரை ஆகிவிடும். பதினொன்றரைக்குள் அத்தை வீடு.

புதுச்சேரியில் மாலை ஆறுக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். அது உங்களுக்கு வசதிதான். பிள்ளைகள் ஓடலாம், அம்மாவும் அத்தையும் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து பேசலாம். அங்கே மணல் அதிகமில்லை, கரையெல்லாம் பாறைக்கல், தண்ணீரில் இறங்கும் ஆசையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். பெட்ரோல் தமிழ்நாட்டை விட வழக்கமாக விலை குறைவு, டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். காரைக்காலிலும் அப்படியே. பாட்டில் மட்டும் எதுவும் எடுத்துவராதீர்கள், எல்லையில் வண்டியைச் சோதித்தால் அம்மா முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள் பிச்சாவரம். புதுச்சேரியிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டுக்குள் படகுத் துறையில் இருக்கலாம். துடுப்புப் படகையே கேளுங்கள். விசைப்படகு அகலமான நீரில் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். அலையாத்தி மரங்கள் இருபுறமும் கவிந்து, வேர்கள் முகத்துக்கு நேரே வரும் குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் போகும். அதற்குள் வெயிலும் அவ்வளவாக இறங்காது. பத்து மணிக்கெல்லாம் முடித்துவிட்டு சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போனால், பெரியப்பா வீட்டு மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். சிதம்பரம் கோயில் பக்கத்தில்தானே என்று தோன்றும். அங்கே நுழைந்தால் நடை சாத்தும் வரை வெளியே வரமாட்டீர்கள், பெரியம்மா மூன்று மணி வரை சாப்பிடாமல் காத்திருப்பார்.

நாகப்பட்டினத்தில் இரண்டு இரவு இருங்கள் என்பேன். ஒன்று, ஓட்டுகிறவருக்கு ஓய்வு வேண்டும். இன்னொன்று, சுற்றிப் பார்க்க இருப்பதெல்லாம் பக்கத்திலேயே. மாலையில் நாகூர் தர்கா, இல்லாவிட்டால் வேளாங்கண்ணி. மூன்றாம் நாள் காலை தரங்கம்பாடி. பெரியப்பா வீட்டிலிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம்தான். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706-இல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஊர் இது. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் அலை வந்து மோதும் இடத்தில் மாசிலாமணிநாதர் கோயில். கடல் அரித்தது போக மிச்சமிருப்பது அது. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பழைய ஊரைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பூம்புகாரில் பார்ப்பதற்கு இருப்பதை விட நினைத்துக்கொள்வதற்கு இருப்பது அதிகம், பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும். கோடியக்கரையும் வேண்டாம். பூநாரைகள் வந்து இறங்குவது குளிர்காலத்தில். மே மாதத்தில் வெளிமான்கள் இருக்கும், ஆனால் அந்த வெயிலில் அவற்றைத் தேடி அலைய வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் மீனைப் பற்றி. நாகப்பட்டினம் போகிறோம், மீன் குழம்பு என்று கனவோடு போவீர்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகளை நிறுத்திவைப்பார்கள். நாட்டுப் படகுகள் மட்டும் கரையோரம் போய்வரும். வரத்துக் குறைவு, விலை எக்கச்சக்கம். நீங்கள் வாய்விட்டு வஞ்சிரம் கேட்டால் பெரியப்பா எப்படியும் வாங்கிவந்துவிடுவார், அதுதான் சங்கடம். கேட்காமல் இருந்து, வைப்பதைச் சாப்பிடுங்கள். கருவாட்டுக்குத் தடைக்காலம் கிடையாது.

பிள்ளைகளிடம் இதையும் சொல்லி வையுங்கள்: 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேர் இறந்தது இந்த மாவட்டத்தில். கடலை ஒட்டிய தெருக்களில் யாரையாவது இழக்காத வீடு குறைவு. ‘சுனாமி வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க’ என்று சினிமாக் கதை கேட்பது போல ஆரம்பிக்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேட்கட்டும்.

நாலாம் நாள்தான் நீளமானது. நாகப்பட்டினத்திலிருந்து ராமேஸ்வரம் கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர். வேதாரண்யத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் அப்பால் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். நல்ல ஓட்டலும் கழிப்பறையும் நினைத்த இடத்தில் கிடைக்காது. அதிராம்பட்டினத்துக்கோ பட்டுக்கோட்டைக்கோ வரும்போது இரண்டு வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள். சாலையில் ஆடு, உப்பு லாரி, மீனவர் குப்பங்களில் வண்ணம் பூசாத வேகத்தடை. இந்தப் பகுதியை இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது. மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா இருக்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சையின் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு இங்கே எதற்கு நினைவுச் சின்னம் என்று பெரிய பிள்ளை கேட்டால், ஆட்சி கைமாறிய பிறகு ராஜாக்கள் என்ன நிலையில் இருந்தார்கள் என்று விளக்க நல்ல சந்தர்ப்பம்.

இங்கே கடலில் அலையே இருக்காது. இது பாக் நீரிணைப் பக்கம். இலங்கையும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் மறித்துக்கொள்வதால் பெருங்கடலின் அலை உள்ளே வருவதில்லை, ஆழமும் குறைவு. பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம்தான். ராமநாதபுரத்தைத் தாண்டி, உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரை அதற்கு ஏற்றது. பாம்பனைத் தாண்டினால் தெற்கே மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் ஆண் கடல் பொங்கும். வாடைக் காலத்தில் கதை மாறி வடபுறம் கொந்தளிக்கும்.

கோடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு, கள்ளக்கடல். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிப்பக்கத்தில் எழும் புயலின் அலை, சில நாள் பயணம் செய்து இங்கே வந்து கரையேறும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் திடீரென்று பொங்கி ஆளை இழுத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் இந்த எச்சரிக்கை அடிக்கடி வரும், தென்கோடி மாவட்டங்களில்தான் அதிகம். செய்தியில் அந்தப் பெயர் அடிபட்டால் அன்று தூத்துக்குடிக்குத் தெற்கே யாரும் காலைக்கூட நனைக்க வேண்டாம். அது வராத நாளிலும், மாமல்லபுரத்திலும் வேளாங்கண்ணியிலும் முழங்காலுக்கு மேல் போக வேண்டாம்.

ராமேஸ்வரத்தில் உங்களுக்குச் சொந்தம் இல்லை, ஆகவே ஏசி அறைக்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். கோடை விடுமுறையில் போய்த் தேடுகிற கதை ஆகாது. மதியம் தூங்கிவிட்டு மாலை கோயில். 22 தீர்த்தமும் ஆடியே தீருவேன் என்று அம்மா நின்றால் ஒருவர் கையைப் பிடித்தபடியே கூட வர வேண்டும், ஈரக் கல்தரை வழுக்கும். ஐந்தாம் நாள் விடியும்போது அரிச்சல்முனை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே சரியான சாலை இல்லை. முனை வரைக்கும் தார்ச்சாலை வந்தது 2017-இல். கடைசிச் சில கிலோமீட்டர் இருபுறமும் கடல். சாயங்காலம் சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், கூட்டமும் அப்போதுதான். ஆறு மணிக்கு நீங்களும் காற்றும்தான் இருப்பீர்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தை ஓடும் காரிலிருந்தே பார்க்கலாம். நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும் பாலம் அது.

ஒன்பதுக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குத் தூத்துக்குடி. சாயல்குடி, வேம்பார் பக்கமெல்லாம் பனங்காடு. பதநீர் காலையில் இறக்கியதாக இருந்தால் மட்டும் குடியுங்கள், வெயில் ஏறிய பிறகு விற்பது புளித்திருக்கும். நுங்குக்கு அந்தப் பயம் இல்லை.

மாமா வீடு மற்ற இரண்டு வீடு மாதிரி இல்லை. அத்தை வீட்டில் உங்கள் அம்மா நாத்தனாரோடு இருக்கிறார், பெரியப்பா வீட்டில் புகுந்த வீட்டு மரியாதையோடு இருக்கிறார். தம்பி வீட்டில்தான் அவர் காலை நீட்டி உட்காருவார். அங்கேயும் இரண்டு இரவு வையுங்கள், ஆறாம் நாள் அவரை எங்கும் கூட்டிப்போகாதீர்கள். திருச்செந்தூருக்கு அவரே ஆசைப்பட்டால் ஒழிய, நீங்கள் மட்டும் பிள்ளைகளோடு காலையில் மணப்பாடு போய்வாருங்கள். தேரிக்காட்டுச் செம்மண், பிறகு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் மேடு, அதன் மேல் சிலுவைக் கோயில், கீழே 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி. வைகாசி விசாகம் எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்துவிடுங்கள். அதை ஒட்டி மாட்டிக்கொண்டால் திருச்செந்தூர் சாலையில் கார் நகராது.

வீடுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். மூன்று வீட்டுக்கும் ஒரு வாரம் முன்பே அம்மாவையே பேசச் சொல்லுங்கள், நீங்கள் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்புவது கணக்கில் வராது. ‘இன்ன கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறோம், இத்தனை ராத்திரி தங்குகிறோம், மறுநாள் விடியலில் கிளம்புகிறோம்’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க’ என்ற இழுபறி பாதியாகக் குறையும். நீங்கள் கடைசியாகப் போன பிறகு அந்த வீட்டிலோ பக்கத்துச் சொந்தத்திலோ ஏதாவது சாவு நடந்து, விசாரிக்கப் போகாமல் விட்டிருக்கிறீர்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் அங்கே முதலில் பெரியவர்கள் மட்டும் போய்வர வேண்டும். பிள்ளைகளோடும் கேமராவோடும் போய் இறங்கினால் வருஷக்கணக்கில் பேசுவார்கள். அதே ஊரில் சித்தப்பா வீடும் இருந்தால் பத்து நிமிஷம் காபிக்காவது தலையைக் காட்டிவிடுங்கள். பழம் வாங்குவதை அந்தந்த ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், சென்னையிலிருந்து ஏற்றிய மாம்பழம் இந்த வெயிலில் நாகப்பட்டினம் வரைக்கும் தாங்காது.

ஏழாம் நாள் தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாகத் திருச்சி, இரவு அங்கே. எட்டாம் நாள் மதியத்துக்குள் சென்னை. இந்த வழியில் பார்க்க எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், நான்கு வழிச்சாலையில் வீடு வந்து சேருவது மட்டும்தான் வேலை. வந்ததும் காரின் அடிப்பாகத்தை நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். தனுஷ்கோடியின் உப்புக்காற்றும் மணலும் இரும்பில் தங்கினால் துருப்பிடிக்கும்.

அம்மா தம்பி வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. சொல்லாவிட்டால் நீங்களே கேட்டுப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து ராத்திரி கிளம்பி விடிந்ததும் எழும்பூர் வரும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அவருக்கு இரண்டு நாள் கார் பயணம் மிச்சமாகும். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறந்துவிடும், கோடையில் கீழ்ப்படுக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் ஓட்டல் அறைக்கு முன்னால் அந்த டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். வேண்டாமென்றால் ரத்து செய்துகொள்ளலாம்.